ஏட்டையாவும் பேதி உப்பும்

தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணொருத்தி சென்ற மாதம் என்னிடம் ஒரு பாட்டிலைக் காட்டினாள். "அம்மா, இது புது மருந்து. மலச்சிக்கலுக்கு. குடலுக்குள்ளயே நின்னு தண்ணிய இழுத்து வச்சு, இறுகினதை எளக்கி விட்டுரும். வயித்த முறுக்காது" என்றாள். ஏதோ அவளே கண்டுபிடித்தது போல முகம் பூரித்திருந்தது. நான் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். பாகு மாதிரி தித்தித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இதே வேலையைச் செய்வதற்கு நாங்கள் ஊரார் வாயில் எவ்வளவு கசப்பை ஊற்றியிருப்போம்!

"மருந்து புதுசு இல்லட்டி, இனிப்புதான் புதுசு" என்றேன். அப்படியானால் பழைய கதையை எழுதுங்கள் என்றாள். எழுதுகிறேன். மலத்தைப் பற்றிப் படிக்கக் கூசுகிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். அப்படிக் கூசுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் சிக்கலும் இருக்கும் என்பது என் அனுபவம்.

பாளையங்கோட்டையில் கம்பவுண்டர் படிப்புப் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்வத்தில் அரைத்தோம், தராசில் நிறுத்தோம், பரீட்சையில் நடுங்கினோம், பாஸானோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெண் கம்பவுண்டர் என்பதால் ஊரார் முதலில் என்னை வேடிக்கை பார்க்க வந்தார்கள். நோயைக் காட்ட வந்தது அதற்கப்புறம்தான்.

அங்கே டாக்டர் குருபாதம் என்பவர் இருந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எந்த விஷயத்தையும் ஒரே முகத்தோடு சொல்வார். அவர் சொன்னது வேடிக்கையா வினையா என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கு விளங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரே தம் கையால் ஒரு டம்ளரில் பேதி உப்பைக் கரைத்து என் முன்னால் வைத்தார்.

"குடிம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லையே ஐயா."

"ஒண்ணும் இல்லாட்டாலும் குடி. குடிச்சுப் பாக்காதவ அடுத்தவனுக்குக் குடுக்கக் கூடாது. இங்கன அதுதான் சட்டம்."

குடித்தேன். கசப்பும் உப்பும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு தொண்டைக்குள் இறங்கின. முகத்தை நேராக்குவதற்குள் இன்னும் இரண்டு பெரிய டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரை நகர்த்தி வைத்தார். "நீ குடிச்சது பாதி மருந்துதான். மீதி இது" என்றார். பிறகு கேட்டார்: "மாங்காத் துண்டத்துல உப்பைப் போட்டு வச்சா என்னாகும்?"

"தண்ணி விடும்."

"அவ்வளவுதான் விஷயம். உப்பு தண்ணிய இழுக்கும். வயித்துக்குள்ள போன உப்பு தண்ணியக் குடலுக்கு இழுத்துட்டு வரும், இறுகிக் கெடந்தது எளகும். ஒடம்புல தண்ணியே இல்லேன்னா எதை இழுக்கும்? என்னையும் ஒன்னையுமா இழுக்கும்?"

அன்று மத்தியானம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பாதி நேரம் ஆளில்லை. டாக்டர் ஏன் என்று கேட்கவேயில்லை.

பேதி உப்பை வெறுமனே கரைத்துக் கொடுப்பது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கும் மெலிந்தவர்களுக்கும் வெள்ளை மருந்து என்று ஒன்று உண்டு. மக்னீஷியாப் பொடியைக் கல்வத்தில் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தயிர்ப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டியை டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்சம் பேதி உப்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டி அதோடு சேர்த்து, கடைசியில் பெப்பர்மின்ட் தண்ணீர் விட வேண்டும். பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். எண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், பன்னீர் பாட்டில் எல்லாம் வரும். வெந்நீரில் கழுவி மருந்தை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவோம். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மக்னீஷியா அடியில் தங்கிவிடும் என்பதால் குலுக்கிக் குடிக்கச் சொல்வோம். தலையை ஆட்டிவிட்டுப் போய்க் குலுக்காமல்தான் குடிப்பார்கள்.

எங்கள் பெரிய தொல்லை நோயில்லை, ஊராரின் எதிர்பார்ப்பு. அந்தக் காலத்தில் பேதிக்குச் சாப்பிடுவது ஒரு வீட்டு விசேஷம். அன்றைக்கு வேறு வேலை கிடையாது, ரசஞ்சோறுதான் சாப்பாடு, பகலில் தூங்கக் கூடாது, பக்கத்து வீட்டார் வந்து "எத்தனை மட்டம் போச்சு?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒரே தடவை சுகமாகப் போய்விட்டு வந்தால் மருந்து சரியில்லை என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். பாவூர்சத்திரத்து வியாபாரி ஒருவர் எங்கள் அளவை நம்பாமல் உப்பை வாங்கிப் போய் இரண்டு பங்காகக் கரைத்துக் குடித்தார். குடித்த கையோடு கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாரோடு வில்வண்டியில் ஏறிவிட்டார். வழியில் வண்டி எந்தெந்த மரத்தடியில் நின்றது என்பதை வண்டிக்காரன் கல்யாணப் பந்தியில் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு பாவூர்சத்திரத்தில் எங்கள் மருந்துக்கு நல்ல பெயர்.

இனி, எனக்கு மறக்கவே முடியாத கேஸுக்கு வருகிறேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் டாக்டர் காலை வேளைகளில் அங்கே போய்விடுவார். சீசனுக்கு வந்த பெரிய வீட்டார் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, பசி கிளம்பி, வகைவகையாகத் தின்று, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தேடுவார்கள். நானும் மருந்துப் பெட்டியோடு வண்டியில் கூடப் போவேன். அப்படி ஒரு சீசனில்தான் ஏட்டையா எங்களிடம் வந்து சேர்ந்தார்.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உத்தியோகம் போனாலும் மீசை போகவில்லை, அதிகாரமும் போகவில்லை. மகன்கள், மருமகள்கள், உறவினர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். விடிந்ததும் அத்தனை பேரையும் முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்து ஆஜர் எடுப்பார். பெயர் கூப்பிட மாட்டார். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, "ஆச்சா?" என்று ஒரே கேள்வி. "ஆச்சு ஐயா" என்று பதில் வந்தால்தான் அந்த ஆளுக்குக் காப்பி. வயிறு சுத்தமாக இருந்தால் வீட்டில் நோய் வராது என்பது அவர் சித்தாந்தம். அது தப்பில்லை. அவர் நடத்திய விதம்தான் தப்பு.

அந்த வரிசையின் கடைசியில் அவருடைய பேத்தி கோமு நிற்பாள். ஆறு வயசு. அவள் மட்டும் தினமும் தலையைக் குனிந்துகொண்டு "ஆவல" என்பாள். ஒரு தடவை இறுகிப் போய் வலித்திருக்கிறது. வலிக்கு பயந்து அடக்கியிருக்கிறாள். அடக்க அடக்க மேலும் இறுகியிருக்கிறது. அவளை எங்களிடம் தூக்கிவந்தபோது கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் உப்பலாகவும் இருந்தாள். டாக்டர் இடது பக்கம் விரல்களை வைத்து மெதுவாக அழுத்தினார். உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டதை என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார்.

"எனிமா வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே பயந்து கெடக்கு" என்று சொல்லி, வெள்ளை மருந்தைச் சின்ன அளவில் தினமும் கொடுக்கச் சொன்னார். "தண்ணி நெறையக் குடுங்க" என்று கோமுவின் அம்மா பிச்சம்மாளிடம் இரண்டு தரம் சொன்னார். "சரிங்க ஐயா" என்றாள் அவள்.

அடுத்த முறை போனபோதும் "ஆவல"தான். அதற்கடுத்த முறையும் அப்படியே. ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கருப்பாக ஒரு மாத்திரை இருந்தது.

"டாக்டர் ஐயா, ஒங்க சுண்ணாம்புத் தண்ணி ஆவாது. இது நேர்வாள மாத்திரை. வெள்ளிக்கிழம காலையில குடுக்கப் போறேன். ஒரே போடு!"

நேர்வாளம் என்றால் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. பேதி மருந்துகளில் அது கொலைகாரன். கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் தன்மையாகவும் சொன்னார், கடுமையாகவும் சொன்னார். "எம் பேத்தி, எனக்குத் தெரியும்" என்று ஏட்டையா டப்பாவை மூடிவிட்டார். திரும்பும்போது வண்டியில் டாக்டர் வழக்கம்போல் வேடிக்கை பேசவில்லை. "அந்த மாத்திரை திங்கப் போய் ஒரு பிள்ளை என் கையிலயே போயிட்டும்மா. கோமு தாங்க மாட்டா" என்றார்.

வியாழக்கிழமை காலை கூப்பிடாமலேயே அந்த வீட்டுக்குப் போனோம். ஆஜர் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் ஒரு கூட்டமே கோமுவைப் புறவாசலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துச் சுற்றி நின்றது. சித்தி முக்கச் சொல்கிறாள், அத்தை குனிந்து பார்க்கிறாள், சித்தப்பன் விசிலடிக்கிறான். ஏட்டையா நடுவில் நின்று, "ம், ஆவட்டும்!" என்று பரேடு நடத்துகிறார். பிள்ளை இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அடைத்துக்கொள்ளும் போல இருந்தது.

உள்ளே வந்து மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். வாய் கொப்பளிக்கப் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தேன். கோமு மருந்தை விழுங்கியதும் செம்பை இரண்டு கையாலும் பிடுங்கி மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தாள். பிச்சம்மாள் ஓடிவந்து செம்பைப் பறித்தாள்.

"ஐயையோ, சளி பிடிச்சிரும்! சாரல் அடிக்க நேரத்துல பச்சத் தண்ணியா?"

டாக்டர் திரும்பினார். "தண்ணி நெறையக் குடுக்கச் சொன்னேனே?"

"குடுக்கோம் ஐயா, மருந்து எறங்க ஒரு மடக்கு. சீசன் முடிஞ்சு ஊருக்குப் போனதும் நெறையக் குடுக்கோம்."

வாசலில் சாரல் அடிக்கிறது. அருவிச் சத்தம் அந்த வீட்டுக்குள் பேசுவதைக் கேட்கவிடாமல் இரைகிறது. ஊரே நனைந்து நிற்கும் அந்த இடத்தில் ஒரு பிள்ளை தாகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சாரலில் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாருமே குடிப்பதில்லையாம். நாங்கள் கொடுத்த உப்பெல்லாம் இழுக்கத் தண்ணீர் இல்லாமல் வயிற்றில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

"யாருமே குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த நேரத்தில்தான் கோமு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தெளிவாகக் கேட்டாள்.

"தாத்தா, ஒங்களுக்கு ஆச்சா?"

தினமும் எல்லோரையும் கேட்கிற அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஏட்டையாவின் மீசைதான் ஆடியது. மருமகள்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டர் ரொம்ப மரியாதையாக, "எத்தனை நாளாச்சு ஏட்டையா?" என்றார்.

"அது கெடக்கு" என்றார் ஏட்டையா.

"கெடக்கத்தான் செய்யும். ஒரு போட்டி வச்சுக்கிடுவோமா? நீங்களும் மருந்து குடிங்க, ஒங்க அளவுக்கு. பாப்பா குடிச்சாச்சு. அவ ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா நீங்களும் ஒண்ணு குடிக்கணும். யாருக்கு மொதல்ல ஆகுதோ அவங்க ஜெயிச்சவங்க. பாப்பா ஜெயிச்சா நேர்வாளம் என் கைக்கு வரணும். நீங்க ஜெயிச்சா ஒங்க இஷ்டம். நம்ம கம்பவுண்டரம்மா தீர்ப்புச் சொல்லட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏட்டையாவோ எத்தனையோ பேர் பார்க்க அவமானப்பட்டு நிற்கிறார். போட்டி என்றதும் நெஞ்சை நிமிர்த்திவிட்டார். "கொண்டாலே டம்ளரை!" என்று ஒரு மகனை அதட்டினார். நான் உப்பைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தவர், முகம் கோணக் கூடாது என்று பட்ட பாடு இருக்கிறதே, அதை நான் இன்னும் நினைத்துச் சிரிப்பதுண்டு.

வாசலில் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, அவர் அளவு பெருசு. அவருக்குத்தான் மொதல்ல ஆகும். இப்படிப் பந்தயம் கட்டிட்டீங்களே!"

"பந்தயம் இல்லாட்டாலும் மாத்திரை அவர் இஷ்டந்தானே? குடிச்சுப் பாக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, மற்ற நோயாளிகளைப் பார்க்கக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கோமு அன்றைக்குக் குடித்ததைப் போல யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அவள் ஒரு டம்ளரை முடித்துத் தாத்தாவைப் பார்ப்பாள். அவர் ஒரு டம்ளரை முடித்து அவளைப் பார்ப்பார். பிச்சம்மாள் சளி சளி என்று முனகிக்கொண்டே ஊற்றினாள். குடித்த தண்ணீருக்குக் கோமு இரண்டு மூன்று தரம் ஒன்றுக்கு என்று புறவாசலுக்கு ஓடிவிட்டு வந்தாள். வெயில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன நேரத்தில் ஏட்டையா திடீரென்று பேச்சை நிறுத்தினார். எழுந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, போலீஸில் இருந்த காலத்தில்கூட நடந்திருக்காத வேகத்தில் பக்கவாட்டில் இருந்த ஓலைத் தட்டி மறைப்புக்கு நடந்தார்.

வீடு மொத்தமும் பின்னாலேயே ஓடியது. எத்தனை வருஷத்து ஆசையோ! மறைப்பைச் சுற்றி நின்றுகொண்டு, "ஐயா, ஆச்சா?" என்று மகன்கள் ஒரு பக்கம், "மாமா, ஆச்சா?" என்று மருமகள்கள் ஒரு பக்கம். அத்தை ஓலை இடுக்கில் கண்ணை வைக்கப் போனாள். சித்தப்பன் விசிலடித்தான்.

உள்ளேயிருந்து ஏட்டையாவின் குரல் அருவியைத் தாண்டிக் கேட்டது. "போங்கலே அங்கிட்டு! நாலு பேரு சுத்தி நின்னா மனுசனுக்கு எப்படிலே வரும்?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போது யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கோமு. எல்லோரும் தாத்தாவிடம் போய்விட, அவளை யாரும் கவனிக்கவில்லை. குனியச் சொல்லிச் சைகை காட்டி, என் காதில் சொன்னாள்.

"எனக்கு ஆயிட்டு. அப்பமே ஆயிட்டு. தாத்தா எந்திக்கதுக்கு முன்னாடி."

"நெசமாவா? வலிச்சுதாட்டி?"

"மொதல்ல வலிச்சுது. பெறவு வலிக்கல."

புறவாசல் பலா மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். குற்றாலத்துக்கு எத்தனையோ பேர் எதையெதையோ பார்க்க வருகிறார்கள். அன்று நான் பார்த்ததை என்னளவு சந்தோஷத்தோடு யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வா, எல்லார்ட்டயும் சொல்லுவோம், நீதான் ஜெயிச்சே" என்றேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், சொல்லாதீங்க. சொன்னா எல்லாரும் பாக்க வருவாவ."

சொல்லாவிட்டால் நேர்வாளம். சொன்னால் இந்தப் பிள்ளை மறுபடி காலை இறுக்கிக்கொள்ளும். என்ன செய்வதென்று தெரியாமல் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

ஏட்டையா வந்து சேர நேரமாயிற்று. வந்தவர் பாதி வழியில் திரும்பிப் போய், மறுபடி வந்தார். மீசை தொங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து, நான் கரைத்துக் கொடுத்த மோரைக் குடித்தார். வீட்டாரை எல்லாம் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தானே மொதல்ல?"

கோமு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் ஏட்டையா" என்றேன்.

"அப்பம் என் இஷ்டம், இல்லையா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். திறந்து அந்த மாத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சாதா உப்புக்கே எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது. இதைப் போயி இந்தக் குருவிக்குக் குடுக்கப் பாத்தேனே" என்றார். டப்பாவை என் கையில் வைத்து அழுத்தினார். "டாக்டர்ட்ட குடுத்துரு. நானாக் குடுத்தேன்னு சொல்லாத. நீ பிடுங்கினேன்னு சொல்லு, என்ன?"

சரி என்றேன். ஒரே நாளில் அந்த வீட்டில் எனக்கு இரண்டு ரகசியம்.

டாக்டர் வந்ததும் டப்பாவை வாங்கி அடுப்பில் தட்டிவிட்டார். கோமுவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரே முகத்தோடு என்னைக் கேட்டார். "யாரு ஜெயிச்சா?"

"ஏட்டையாதான் ஐயா."

"அப்படியா? என் கை வேற ஆளைச் சொல்லுதே" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோதும் ஆஜர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கேள்வி மாறியிருந்தது. ஏட்டையா ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் கோமுவிடம் வந்து நின்றார். அவள் கன்னத்தில் சதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து, மீசையை முறுக்கிக்கொண்டு, "ஏட்டி, தாத்தாட்ட தோத்தவதானே நீ?" என்றார்.

"ஆமா தாத்தா" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் மருந்துப் பெட்டியைப் பூட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.